மூத்தவனை வேலைக்கு விட்டால் அம்மாவுக்கு என்ன குறையும்?

2021 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாத வேலை, தேநீர் மட்டும் நிற்காமல் வரும். முகக்கவசத்தோடு ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். கையில் ஐந்தாறு பழுப்பு உறைகள். அவற்றில் இரண்டைப் பிரிக்கவே இல்லை. அரசாங்கத்திலிருந்து பழுப்பு உறை வந்தால் பிரிக்காமல் வைத்துவிடுவது நம்மவர்களிடம் மட்டுமல்ல, இந்த நாட்டில் எல்லோரிடமும் இருக்கிற பழக்கம்தான்.

"தம்பி, மூத்தவனை வேலைக்கு விடுவதா, படிக்க விடுவதா? இதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

ஒரே கேள்விபோலத் தெரிந்தது. உள்ளே இரண்டு கேள்விகள் இருந்தன: மகன் கைக்கு என்ன வரும், அம்மா கையிலிருந்து என்ன போகும். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் அந்த ஆண்டு நடைமுறையில் இருந்தவை. இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 18, மகளுக்கு 12. மூன்று ஆண்டுகளாகக் கணவர் தனியாக இருக்கிறார். உணவகச் சமையலறையில் வேலை. அக்கா பகுதிநேர வேலைக்குப் போகிறார், குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையும் வாங்குகிறார். மகன் கல்லூரியில் இரண்டாண்டுப் படிப்பில் ஒன்றை முடித்துவிட்டான். அதுவும் பெரும்பகுதி படுக்கையறையில் கணினித் திரைக்கு முன்னால். அவனுடைய கூட்டாளி ஒருவனுக்கு 'கிக்ஸ்டார்ட்' வேலை கிடைத்து வாரம் 164 பவுண்டு கைக்கு வருகிறது. மகனுக்கும் ஆசை வந்துவிட்டது. திட்டம் டிசம்பரோடு முடிகிறது, இப்போது விட்டால் போயிற்று என்கிறான்.

கிக்ஸ்டார்ட்டை 2020 ஜூலை 8 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்தார். ஒதுக்கீடு 200 கோடி பவுண்டு. இரண்டரை லட்சம் இளைஞர்களுக்கு வேலை என்று திட்டம். 16 முதல் 24 வயதுக்குள் இருந்து, யுனிவர்சல் கிரெடிட்டும் எடுப்பவராக இருந்தால் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டரின் வொர்க் கோச் (ஆலோசகர்) ஒரு முதலாளியிடம் அனுப்புவார். ஆறு மாதத்துக்கு, வாரம் 25 மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்தை அரசே கொடுக்கும். முதலாளிக்குப் பயிற்சிச் செலவுக்காக ஆளுக்கு 1,500 பவுண்டு தனி. 2021 ஏப்ரலிலிருந்து 18 முதல் 20 வயது வரையானவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6.56 பவுண்டு. இருபத்தைந்தால் பெருக்கினால் 164. பையன் சொன்ன தொகை சரிதான். வருமானவரி இல்லை, தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை, முழுதாகக் கைக்கு வரும்.

அவன் பார்க்காமல் விட்டது அம்மாவின் கணக்கை.

18 வயது ஆகிவிட்டாலும் முழுநேரமாக ஏ லெவல் (பிளஸ் டூ போன்ற பள்ளி இறுதி) மட்டத்துக்குள் படிக்கிறவரைக்கும் சட்டத்தின் பார்வையில் அவன் இன்னும் ஒரு 'பிள்ளை'. அவனைச் சுற்றி வீட்டுக்கு மூன்று வழியில் பணம் வருகிறது: பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் சைல்ட் பெனிபிட், யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பங்கு, தகப்பன் தரவேண்டிய பராமரிப்புப் பணம். இந்தக் கடைசியை இலங்கையில் தாபரிப்பு என்போம், தமிழ்நாட்டில் ஜீவனாம்சம் என்று மனைவிக்குரியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். லண்டன் தமிழர் வாயில் அது வெறும் 'மெயின்டனன்ஸ்'. கிக்ஸ்டார்ட் வேண்டுமென்றால் அவன் தன் பெயரில் யுனிவர்சல் கிரெடிட் எடுக்க வேண்டும். எடுத்தால் அம்மாவின் கணக்கில் பிள்ளையாக இருக்க முடியாது. மூன்று வழியும் அடைபடும்.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கிக்ஸ்டார்ட், யுனிவர்சல் கிரெடிட், பராமரிப்புப் பணத்தைக் கணக்கிடும் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் ஆகிய மூன்றுமே ஒரே அமைச்சின் கையில் இருந்தவை. ஆனாலும் மகனை வேலைக்கு அழைக்கிற கடிதத்தில், தாய்க்கு என்ன குறையும் என்று ஒரு வரிகூட இருக்கவில்லை.

உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

முதலில் பராமரிப்புப் பணம். தகப்பனின் வாரச் சம்பளம் பிடித்தங்களுக்கு முன் 500 பவுண்டு. வாரம் 200 முதல் 800 பவுண்டு வரையான சம்பளத்துக்கு ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 16, மூன்றுக்கும் அதற்கு மேலும் 19 என்பது விதி. இரண்டு பிள்ளைகளுக்கு 80 பவுண்டு வர வேண்டும். மூத்தவன் கணக்கிலிருந்து விலகினால் பாதி போய்விடும் என்று அக்கா பயந்தார். போவது பாதியல்ல. 80 என்பது 60 ஆகும், குறைவது 20.

சைல்ட் பெனிபிட்டிலும் இதே கதை. மூத்த பிள்ளைக்கு 21.15, அடுத்த பிள்ளைக்கு 14. மூத்தவன் விலகியதும் மகள் மூத்தவளாகிவிடுவாள். குறைவது 14 பவுண்டு. யுனிவர்சல் கிரெடிட்டிலோ பெரிய வெட்டு. மாதம் 237.08 பவுண்டு போகும், வாரத்துக்கு 54.71.

மூன்றையும் கூட்டினால் 88.71.

எழுந்து போகவிருந்தவரை நிறுத்தி, கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். பிரிக்காத உறைகளில் ஒன்று அதுதான். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்பதால் அவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி இருந்தது. 18 வயது மாணவனைப் பெரியவராக எண்ண மாட்டார்கள். கிக்ஸ்டார்ட் வேலைக்குப் போகிற 18 வயதுக்காரனை எண்ணுவார்கள். ஆண்டுக்கு 1,400 பவுண்டு வரி என்று வைத்தால் தள்ளுபடி 350, வாரத்துக்கு 6.73. மொத்த இழப்பு 95.44 பவுண்டு.

164 வருகிறது, 95.44 போகிறது, மிச்சம் 68.56. வருவது மகனின் கைக்கு, போவது தாயின் கையிலிருந்து. மகன் மாதாமாதம் 400 பவுண்டுக்கு மேல் அம்மாவிடம் கொடுத்தால்தான் வீடு பழைய நிலையில் நிற்கும். எந்தப் பதினெட்டு வயதுப் பையனிடம் இதை எதிர்பார்ப்பது?

இன்னொரு சிக்கல் நாட்களில் இருந்தது. படிப்பை விட்ட மறுநாளே வேலை தொடங்காது. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம். அதன் பிறகு வொர்க் கோச், பரிந்துரை, நேர்காணல். முதலாளி வேண்டாம் என்றால் மறுபடி முதலிலிருந்து. இந்த வாரங்களிலும் தாயின் இழப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமாகவில்லை என்றால்? கொரோனாவுக்காக யுனிவர்சல் கிரெடிட்டில் கூட்டிய வாரம் 20 பவுண்டை அக்டோபரில் நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட தனி ஆளுக்கு மாதம் 257.33 பவுண்டு. வாரத்துக்கு 59 பவுண்டுதான் மகனுக்கு. தாய்க்கு 95 பவுண்டு இழப்பு அப்படியே. முதல் ஆறு மாதத்தில் சேர்ந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் அடுத்த ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

அப்ரண்டிஸ், கல்லூரி

சம்பளத்தோடு தொழில் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சி இரண்டாவது வழி. கொரோனாக் காலத்தில் அரசு இதற்கும் தாராளமாகக் கொடுத்தது. 2021 ஏப்ரலிலிருந்து புதிதாக ஓர் அப்ரண்டிஸைச் சேர்க்கும் முதலாளிக்கு 3,000 பவுண்டு. முதலாளிக்குத்தான். பையனுக்குச் சட்டம் சொல்லும் ஊதியம் மணிக்கு 4.30. வாரம் 37 மணி நேரம் உழைத்தால் 159.10. அம்மாவுக்கு 88.71 போகும். ஆனால் வாரம் 195 பவுண்டுக்கு மேல் வாங்காத அப்ரண்டிஸைக் கவுன்சில் டாக்ஸில் பெரியவராக எண்ண மாட்டார்கள், தள்ளுபடி பிழைக்கும். மிச்சம் 70.39. கிக்ஸ்டார்ட்டைவிட ஒரு பவுண்டு 83 பென்ஸ் அதிகம், அதற்குப் பன்னிரண்டு மணி நேர வேலை கூடுதல்.

அப்படியிருந்தும் அப்ரண்டிஸை நான் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். அப்போதைய விதிப்படி குறைந்தது ஓராண்டு ஓடும், கையில் ஒரு சான்றிதழ் நிற்கும். மின்வேலை, குழாய்வேலை என்று கைத்தொழில் ஒன்றில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கடையில் அலமாரி அடுக்குவதற்கு 'சில்லறை வணிக அப்ரண்டிஸ்' என்று பெயர் சூட்டி 4.30 கொடுக்கிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் போவதைவிடக் கிக்ஸ்டார்ட் மேல்.

மூன்றாவது, கல்லூரியிலேயே இருப்பது. பையனுக்கு இது 'சும்மா இருப்பது'. அவனிடம் தொலைபேசியில் பேசினேன். "சனிக்கிழமை ஒரு நாள் எட்டு மணி நேரம் ஏதாவது கடையில் வேலை செய்வாயா?" என்று கேட்டேன். செய்வானாம். அதே குறைந்தபட்ச ஊதியத்தில் 52.48 பவுண்டு. முழுநேரம் படிக்கிற பிள்ளையின் சனிக்கிழமைச் சம்பளம் தாயின் யுனிவர்சல் கிரெடிட்டைத் தொடாது, சைல்ட் பெனிபிட்டைத் தொடாது, தகப்பன் தரவேண்டியதையும் தொடாது.

படிப்பையும் விட்டு 25 மணி நேரம் போனால் குடும்பத்துக்குக் கூடுவது 68.56. படித்துக்கொண்டே எட்டு மணி நேரம் போனால் 52.48. இடைவெளி 16 பவுண்டு 8 பென்ஸ். அந்தப் பதினாறு பவுண்டுக்கு ஓராண்டுப் படிப்பைக் கொடுப்பதா என்று கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவிடம் கொடுங்கள்" என்றான்.

படிப்பை ஏற்கெனவே விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே அம்மா இழக்க வேண்டியதை முன்பே இழந்துவிட்டார். கிக்ஸ்டார்ட்டில் வருகிற ஒவ்வொரு பவுண்டும் லாபம். அதே கோடையில் அப்படி இரண்டு பிள்ளைகளை "இன்றைக்கே வொர்க் கோச்சிடம் கேள்" என்று துரத்தியிருக்கிறேன்.

தகப்பன் தரும் பணம்

இவ்வளவும் தகப்பனிடமிருந்து 80 பவுண்டு வருகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. அவர் அனுப்பிக்கொண்டிருந்தது 50. அதுவும் கையில், ஒரு மைத்துனர் வழியாக.

2020 மார்ச்சில் உணவகங்கள் மூடின. அவரை வேலையை விட்டு நீக்காமல் வீட்டில் இருத்தும் ஃபர்லோவில் போட்டார்கள். சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்புக்குள், அரசு கொடுத்தது. 500 வாங்கியவருக்கு 400. "எனக்கே குறைத்துவிட்டார்கள், நானும் குறைக்கிறேன்" என்றார். காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். விதி வேறு. வருமானம் குறைந்தது 25 சதவீதம் மாறினால்தான் மெயின்டனன்ஸ் சர்வீஸ் நடுவில் கணக்கைத் திருத்தும். ஃபர்லோவில் குறைந்தது 20. எனவே அந்தச் சர்வீஸில் கணக்கு வைத்திருந்த தகப்பன்மாரில், உச்சவரம்பைத் தொடாத சம்பளக்காரர்கள் பழைய தொகையையே கட்ட வேண்டியிருந்தது. வாரம் 800 வாங்கியவருக்கு உச்சவரம்பால் 577 ஆகச் சுருங்கி, 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். அவருக்குக் குறைப்புக் கிடைக்கும். அதிகம் வாங்கியவருக்குச் சலுகை, நடுத்தரக்காரருக்கு இல்லை. தகப்பன்மார் இதைக் குறைகூறினால் நான் மறுக்க மாட்டேன்.

இந்தக் குடும்பத்தில்தான் கணக்கே இல்லையே. வாய்ப்பேச்சுத்தான். பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தது. குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது சுமுகமாக நடக்கிறவரை அதைப்போல நல்ல வழி இல்லை. கட்டணம் இல்லை, கடிதம் இல்லை, பிள்ளைகளுக்கும் மனக்கசப்பு இல்லை. நின்றுபோனால் கேட்க நாதியில்லை. அக்கா 60 வாரம் பொறுத்திருந்தார். வாரம் 30 பவுண்டு வீதம் 1,800 பவுண்டு. அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். முடியாது. மெயின்டனன்ஸ் சர்வீஸில் பொறுப்பு தொடங்குவது, விண்ணப்பம் கொடுத்து, அதைத் தகப்பனுக்கு அறிவித்த பிறகுதான். முந்தையது போனதுதான்.

விண்ணப்பித்தால் இரண்டு வழி உண்டு. 'டைரக்ட் பே' என்பதில் தொகையை மட்டும் அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள்; தகப்பன் நேரே தாயின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அப்போதிருந்த 20 பவுண்டு விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 'கலெக்ட் அண்ட் பே' என்பதில் அவர்களே வசூலித்துத் தருவார்கள், தேவையானால் முதலாளியிடமிருந்தே பிடித்து. அதற்கு இருவரிடமும் கட்டணம்: கட்டுகிறவருக்கு 20 சதவீதம் கூடுதல், வாங்குகிறவருக்கு 4 சதவீதம் குறைவு. 80 பவுண்டுக்குத் தகப்பன் 96 கட்டுவார், தாய்க்கு 76.80 வரும். நடுவில் 19.20 அரசாங்கத்துக்கு. பிள்ளைக்கென்று பிடிக்கிற பணத்தில் இது அதிகம் என்பது என் எண்ணம். தாய் கேட்டதும் இந்த வழி திறக்காது; தகப்பன் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஒழுங்காகக் கட்டக்கூடியவர் அல்ல என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் டைரக்ட் பே என்றேன். எழுத்தில் ஒரு தொகை இருக்கும், வங்கியில் தடயம் இருக்கும், ஒரு வாரம் தவறினால் அடுத்த வழிக்கு மாற அதுவே சான்று. 16 பவுண்டு கூடுதலாகக் கட்ட நேரும் என்று தெரிந்தாலே பல தகப்பன்மார் ஒழுங்காகிவிடுகிறார்கள். கொரோனாவின் முதல் மாதங்களில் இதைச் சொல்லத் தயங்கியிருப்பேன். மெயின்டனன்ஸ் சர்வீஸ் ஊழியர்கள் பலரை யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்ப வெள்ளத்தைச் சமாளிக்க மாற்றிவிட்டிருந்தார்கள். தொலைபேசியில் காத்திருந்தே வாரம் போகும். 2021 கோடையில் நிலைமை தேறியிருந்தது.

அக்காவுக்கு மனம் வரவில்லை. "பிரிந்த மனிதரிடம் அரசாங்கத்தைக் கொண்டு காசு கேட்பதா? ஊரில் என்ன சொல்வார்கள்?" கேட்பது அவருக்காக அல்ல என்று மட்டும் சொன்னேன். தகப்பன் முன்பே சொல்லியனுப்பியிருந்தார்: மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி அவனுக்கு எதற்கு? படிக்கிற பிள்ளைக்கு இருபது வயது வரை உண்டு என்பது அவருக்கும் தெரியாது, மைத்துனருக்கும் தெரியாது. சனிக்கிழமை இரவுகளில் பிள்ளைகள் தன்னோடுதான் என்றும் சொன்னாராம். ஆண்டுக்கு 52 இரவு என்றால் ஏழில் ஒரு பங்கு குறையும். ஆகவே இது சின்ன விஷயமல்ல. ஆனால் முதல் பொதுமுடக்கத்தோடு அது நின்றுவிட்டிருந்தது. 2020 மார்ச் 24 அன்று அமைச்சர் மைக்கேல் கோவ் தொலைக்காட்சியில் பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் போய்வரக் கூடாது என்பதுபோல் சொல்லிவிட்டு, அன்றே தவறைத் திருத்திக்கொண்டார். இந்த வீட்டுக்கு முதற்பேச்சு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகஸ்டில் கணக்குக் கடிதம் வந்தது. 64 பவுண்டு. அக்கா நேரே என்னிடம் கொண்டுவந்தார், இந்த முறை பிரித்து. வருமானவரித் துறையின் கடைசி நிதியாண்டுக் கணக்கைத்தான் அவர்கள் எடுப்பார்கள்; அந்த ஆண்டு முழுக்க ஃபர்லோ, வாரம் 400. அதில் 16 சதவீதம் 64. ஆனால் மே 17 அன்று உணவகங்கள் உள்ளே ஆட்களை உட்காரவைக்கத் தொடங்கியபோதே தகப்பன் முழுச் சம்பளத்துக்குத் திரும்பியிருந்தார். 500லிருந்து 400க்கு இறங்கினால் 20 சதவீதம். 400லிருந்து 500க்கு ஏறினால் சரியாக 25. இறங்கும்போது மூடியிருந்த கதவு ஏறும்போது திறக்கிறது. வருமானம் மாறியதைத் தெரிவித்து எழுதினோம். 80 ஆனது.

மகன் கல்லூரிக்குத் திரும்பினான், சனிக்கிழமை ஒரு மளிகைக் கடையில் நின்றான். கிக்ஸ்டார்ட்டை அக்டோபரில் இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். 2022 மார்ச்சோடு புதிதாகச் சேர்ப்பது நின்றது. இரண்டரை லட்சம் என்று தொடங்கியதில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர். அவன் படிப்பை முடித்த 2022 கோடையில் நாடு முழுக்க 13 லட்சம் வேலைகள் ஆளில்லாமல் கிடந்தன, அதுவரை காணாத அளவு. எங்கள் கணக்கில் அது இருக்கவில்லை. வேலையின்மை கூடும் என்றுதான் நானும் பயந்திருந்தேன்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் 80 பவுண்டு வங்கிக்கு வந்தது. மறுநாள் அக்கா கைப்பேசித் திரையை என்னிடம் நீட்டினார். "இதை யுனிவர்சல் கிரெடிட்காரருக்குச் சொல்ல வேண்டுமே, அதில் கழித்துவிடுவார்களே?"

"இல்லை அக்கா. பராமரிப்புப் பணத்தை வருமானமாக எடுக்க மாட்டார்கள். ஒரு பென்னிகூடக் கழியாது."

நம்பவில்லை. விதியை இணையத்தில் எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.